செப்டம்பரில் போட்ட ஐந்து மாத்திரை

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்று தலைக்குக் குளித்தேன். கல்யாணமாகி எட்டு வருடத்தில் இது எத்தனையாவது என்று கணக்குப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. டாக்டர் ஃபௌசியா தேதிகளைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் இந்த டைரி. எங்கள் பிரஸ்ஸில் அட்டை கோணலாக ஒட்டிப்போன டைரிகளை வேலை பார்ப்பவர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். உள்ளே தாள் நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மாதவிலக்கு என்று யாரும் வாயால் சொன்னதில்லை. "குளிச்சுட்டா" என்பார்கள், அவ்வளவுதான். குளிக்காமல் இருந்தால் விசேஷம். மூன்றாம் நாள் காலையில் என் ஈரத்தலையைப் பார்த்ததும் அத்தை, "ம், குளிச்சாச்சா" என்று கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். திட்டினாலாவது நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லலாம். மாமியார் என்றால் திட்ட வேண்டாமா?

ஆகஸ்ட் 30, புதன்

டாக்டரிடம் செம திட்டு. பிள்ளை உண்டாக க்ளோமிஃபீன் மாத்திரை நாலு மாதம் போட்டேன். மூன்றாவது மாதத்திலிருந்தே கண்ணில் பளிச் பளிச்சென்று அடித்தது. நான் பார்ப்பது புரூஃப் வேலை. தினசரி காலண்டரில் ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் பொடி எழுத்து. போன வாரம் பதினேழாம் தேதி இரண்டு தடவை வந்த ஃபாரத்தை, அச்சுக்குப் போகிற தாளை, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நல்லவேளை, மெஷினில் ஏறுவதற்கு முன்னால் வேறொருத்தி பார்த்துவிட்டாள். அதற்கப்புறம்தான் டாக்டரிடம் வாயைத் திறந்தேன்.

"ரெண்டு மாசமா இருக்குங்கிற. இப்ப வந்து சொல்ற. நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

"மாத்திரைய நிறுத்திருவீங்கன்னுதான் டாக்டர்..."

"நிறுத்தத்தான் செய்வேன். கண்ணைக் குடுத்துப் பிள்ளை வாங்குவியா?"

இந்த மாதம் ஒன்றும் வேண்டாம், ஓய்வு என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் லெட்ரோசோல் என்று வேறு மாத்திரை, ஐந்து நாள். "பீரியட்ஸ் வந்த ரெண்டாம் நாள் வந்து ஸ்கேன் பாரு. பார்க்காம ஒரு மாத்திரைகூட உள்ள போகக் கூடாது" என்றார். மருந்துக்கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது கேன்சருக்குல்ல குடுப்பாக" என்று ஆரம்பித்தார். அதுக்கும் கொடுப்பார்கள், இதுக்கும் கொடுப்பார்கள், டாக்டர் எல்லாம் சொல்லியாச்சு, நீங்க மீதிச் சில்லறையைக் கொடுங்க என்றேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

இவருடைய ஆப்செட் மெஷினில் பெல்ட் அறுந்துபோய், மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். நானும் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். திருத்தங்கல் போய்ப் புரோட்டா சாப்பிட்டோம். டாக்டர் சொன்ன நாள், ஊசி போட்ட நாள் என்று எதுவும் இல்லாத ஒரு மாதம். கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தது. டாக்டர் குறிக்கச் சொன்னது இதையெல்லாம் இல்லை, தெரியும்.

செப்டம்பர் 19, செவ்வாய்

நேற்றுப் பிள்ளையார் சதுர்த்தி. இன்று காலையில் பட்டுவிட்டது. மூன்று நாள் முன்னதாகவே. கொஞ்சம்தான், ஒரு சொட்டு. வாளியில் ஊறப்போட்ட பாவாடையை அத்தை பார்த்துவிட்டார். என் தட்டைத் தனியாக எடுத்து வைத்தார்.

செப்டம்பர் 20, புதன்

இன்றும் சொட்டுதான். நாள் முழுக்க நின்றபடி வேலை, உஷ்ணம். அதனால் இருக்கும்.

செப்டம்பர் 21, வியாழன்

தலைக்குக் குளித்தேன். நேற்றே ஸ்கேனுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்று காலண்டருக்குக் கடைசிப் புரூஃப் ஒரே நாளில் வந்து மேஜையில் குவிந்து கிடக்கிறது. ஆயுத பூஜைக்குள் அச்சுக்குப் போகாவிட்டால் முதலாளி ஆடித் தீர்த்துவிடுவார்.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். எஸ்தர் சிஸ்டர்தான் எடுத்தாள். சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட இருக்காது. பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"செம்பகவல்லி அக்காவா? என்னக்கா, குளிச்சாச்சா?"

"குளிச்சாச்சு சிஸ்டர். ஸ்கேனுக்கு வரத்தான் முடியல. சீசன்."

"சரி, விடுங்க. நீங்க மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிச்சிருங்க. பன்னெண்டாம் நாள் ஸ்கேனுக்கு மட்டும் மறக்காம வந்திருங்க."

முதல் மாத்திரை போட்டாயிற்று. குட்டியாக, மஞ்சளாக இருக்கிறது.

செப்டம்பர் 25, திங்கள்

ஐந்தும் முடிந்தது. கண்ணில் ஒன்றும் அடிக்கவில்லை, நிம்மதி. மார்புதான் கனத்துக் கிடக்கிறது. மோர் வாடை ஆகவில்லை. மாத்திரை வேலை செய்கிறது போல.

செப்டம்பர் 30, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முட்டை வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் படுத்தேன். டாக்டர் திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். சிறுநீர் சோதனைக்கு அனுப்பினார். இரண்டு கோடு. உள்ளே பை ஒன்று தெரிகிறதாம், சின்னதாக. ஐந்து வாரம் இருக்குமாம்.

"நான் ஓய்வு குடுத்த மாசத்துலயே தங்கிருச்சு, பாத்தியா?" என்று டாக்டர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது. "ஆமா, அந்தப் புது மாத்திரைய ஆரம்பிக்கலையே நீ?"

இல்லை என்று தலையாட்டினேன். தலை தானாக ஆடியது. நாள் தள்ளிப்போச்சு டாக்டர், அதான் வந்தேன் என்று வாயும் கூடவே சொன்னது. எஸ்தர் சிஸ்டர் டாக்டருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தேன்.

இவர் வெளியே நின்றிருந்தார். சொன்னதும் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். எட்டு வருடமாக இந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. வீட்டில் அத்தை நேராகப் போய், தன் பெட்டியிலிருந்து புது டவலை எடுத்து எனக்குக் கொடுத்தார். எதற்கு டவல் என்று கேட்கவில்லை. இன்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

அக்டோபர் 1, ஞாயிறு

எஸ்தர் போன். "அக்கா, நான் போன்ல மாத்திரை போடச் சொன்னத டாக்டர்ட்ட சொல்லிறாதீங்கக்கா. வேலை போயிரும். அப்பாவுக்கு டயாலிசிஸ் ஓடிட்டிருக்கு."

நான் எங்கே சொல்லப்போகிறேன், நானே இல்லை என்று சொல்லிவிட்டேனே என்றேன்.

"ஆனா நீங்க குளிச்சாச்சுன்னுதானக்கா சொன்னீங்க?"

"குளிச்சேன்தான்."



அக்டோபர் 4, புதன்

மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். எறும்பு எழுத்து, அத்தனையும் இங்கிலீஷ். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போனபிறகு லென்ஸை வைத்து வரி வரியாகப் பார்த்தேன். பிரெக்னன்சி என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. பக்கத்திலேயே கான்ட்ராஇன்டிகேட்டட் என்று ஒரு சொல்.

இங்கிலீஷ் புரூஃப் பார்க்கும் சங்கரவடிவேல் சாரிடம், இதுக்கு என்ன சார் அர்த்தம் என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"குடுக்கக் கூடாதுன்னு அர்த்தம்மா."

"குடுத்துட்டா?"

"அதான் குடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"இல்ல சார், தெரியாம குடுத்துட்டா என்ன ஆகும்னு எங்கயாச்சும் போட்டிருக்கா?"

கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, யாருக்கு?" என்றார். காலண்டருக்குப் பின்பக்கம் மருத்துவக் குறிப்பு போடுகிறோமே, அதற்கு என்றேன். இந்த மாதம் நான் சொல்லும் பொய்யெல்லாம் நன்றாகத்தான் வருகிறது.

அக்டோபர் 9, திங்கள்

வாந்தி. மூன்று தடவை. அத்தைக்கு ஒவ்வொரு வாந்திக்கும் சந்தோஷம்.

அக்டோபர் 12, வியாழன்

இன்று ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். குறையோடு வந்தால் வேண்டுமா, வேண்டாமா? காலண்டர் ஃபாரத்தில் பேனாவை வைத்தபடி என்னையே கேட்டேன். எனக்கு இந்தப் பிள்ளை வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நான் கையால் எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்து விழுங்கிய ஒன்றால் அதற்கு ஒரு கை சின்னதாகப் போனால், இதயத்தில் ஓட்டை விழுந்தால், அது வளர்ந்து கேட்டால் என்ன சொல்வேன்? சீசன் என்று சொல்வேனா?

டாக்டரிடம் சொல்லலாம். சொன்னால் கலைக்கச் சொல்லிவிடுவார். அதனால் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

சாத்தூரிலிருந்து இவருடைய அக்கா பொன்ராணி மதினி வந்திருந்தார், பழக்கூடையோடு. மதினிக்கு எல்லாம் தெரியும். தெரியாததும் தெரியும். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது மெதுவாக விட்டுப் பார்த்தேன்.

"எங்க பிரஸ்ல ஒரு பிள்ள மதினி, உண்டாயிருக்கிறது தெரியாம பிள்ளை உண்டாகிற மாத்திரையப் போட்டுட்டாளாம்."

"ஐயையோ! கலைச்சிரச் சொல்லு. நொண்டியா மொடமா வந்து பொறந்துச்சுன்னா ஆருடி பாக்கிறது காலம் பூரா? அந்த மாத்திரையே ஒடம்புக்குச் சூடு. தெரிஞ்ச பிள்ளைன்னா நாளைக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லு."

அத்தை, "அடுத்தவ வயித்தப் பத்தி நமக்கு எதுக்குடி?" என்று பேச்சை நிறுத்தினார். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

சாயங்காலம் மதினியை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது இவர் கேட்டார்.

"உங்க பிரஸ்ல யாரு அது?"

"புதுசா சேந்த பிள்ள."

"பேரு?"

எனக்கு ஒரு பேரும் வரவில்லை. இத்தனை வருடம் சுபமுகூர்த்தப் பத்திரிகையாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறேன், ஆயிரம் பெண் பேர் கண்ணில் பட்டிருக்கும். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அஞ்சா?" என்றார்.

"அஞ்சும்."

ஒரு சோடாக் கடை வாசலில் நின்றுவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "காலி அட்டைய அலமாரிக்குப் பின்னால சொருகி வச்சிருந்த. பத்து நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், நீயாச் சொல்லுவன்னு" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நாளைக்கு லீவு போடு. டாக்டர்ட்ட போவோம். கலைக்கச் சொன்னா கலைக்கச் சொல்லட்டும். தெரியாம ரெண்டு பேரும் செத்துக்கிட்டுக் கெடக்க முடியாது செம்பா."

அக்டோபர் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், தேதியோடு. இந்த டைரியையே கையில் கொடுத்தேன்.

டாக்டர் செப்டம்பர் பத்தொன்பது, இருபது இரண்டையும் படித்தார். "சொட்டுன்னு எழுதியிருக்க. எத்தனை துணி மாத்தின?"

"மாத்தவே இல்ல டாக்டர்."

"அது பீரியட்ஸே இல்ல. கரு ஒட்டுற சமயத்துல சில பேருக்கு அப்படிப் படும். எஸ்தர்! இங்க வா. போன்ல நீ இவகிட்ட என்ன கேட்ட?"

எஸ்தர் கதவருகிலேயே நின்றாள். "குளிச்சாச்சான்னு கேட்டேன் டாக்டர்."

"நீ?"

"குளிச்சாச்சுன்னேன். குளிச்சேன் டாக்டர். அத்தை வாளியப் பாத்துட்டாக. பாத்தப்புறம் மூணாம் நாள் குளிக்காம எங்க வீட்ல அடுப்படிக்குள்ள போக முடியாது."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஆக ரெண்டு பேரும் பொய் சொல்லல. ரொம்ப நல்லாருக்கு. குளிக்கிறது சோப்பு சம்பந்தப்பட்டது எஸ்தர். நீ கேக்க வேண்டியது ரத்தத்தப் பத்தி. எத்தனை நாள், எவ்வளவு, எப்பவும் போல இருந்துச்சா. வெக்கத்த வீட்ல வச்சிட்டு வா. இனி ஒருத்தர்ட்டயாவது குளிச்சாச்சான்னு கேட்டது என் காதுல விழுந்துச்சு, பாத்துக்க." எஸ்தர் அழுதுகொண்டே தலையாட்டினாள். வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை டாக்டர், அது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "பொய் சொன்னது நீ. செப்டம்பர் முப்பதாம் தேதி, இந்த நாற்காலில உக்காந்து." நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் காகிதத்தில் தேதியைக் கூட்டிக் கழித்தார். அவர் சொன்னதை நினைவிருக்கும் வரை எழுதுகிறேன்.

இந்த மாத்திரை போட்டு உண்டான பிள்ளைகளை வெளிநாட்டிலும் இங்கேயும் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளைவிடக் குறை கூடுதலாக இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அது கரு தங்குவதற்கு முன்னால் போட்டவர்கள் கணக்கு. தங்கினபிறகு தெரியாமல் போட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்தவரை பயப்படும்படி எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு ரொம்பக் கம்மி, அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நான் போட்டது உறுப்புகள் உருவாகத் தொடங்குவதற்குச் சற்று முன்னால். மருந்து உடம்பில் கொஞ்ச நாள் தங்கும், அதனால் முழுக்க முன்னால் என்றும் சொல்ல முடியாது.

இவர் கேட்டது ஒன்றுதான். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர்."

"சொல்ல மாட்டேன் தம்பி. மாத்திரையே பாக்காத தாய்க்கும் நூத்துல ரெண்டு மூணு பிள்ளை ஏதாச்சும் குறையோட வருது. எந்தப் பிள்ளைக்கும் நான் அப்படி எழுதிக் குடுக்க முடியாது. இதுக்காகக் கலைக்கணும்னும் நான் சொல்ல மாட்டேன். பன்னெண்டாம் வாரம் ஒரு ஸ்கேன், இருபதாம் வாரம் ஒரு ஸ்கேன். பாத்துப் பாத்துப் போவோம்."

பிறகு படுக்கச் சொன்னார். ஸ்கேன் மெஷினில் சத்தத்தைக் கூட்டி வைத்தார். குதிரை ஓடுவதுபோல் வேகமாக இருந்தது. இதுதான் துடிப்பு என்றார். இவர் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், தலைமாட்டுக்கு வரத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தையிடமும் சொல்லிவிட்டோம். அத்தை, "நான் அந்த வாளிய எட்டிப் பாத்திருக்கக் கூடாது" என்றார்.

அக்டோபர் 24, செவ்வாய்

ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். எந்த மாத்திரையை எடுத்தாலும் திருப்பி டப்பாவிலேயே வைத்துவிடுகிறேன். மூன்று நாளாகப் போடவில்லை. இன்று இவர் கண்டுபிடித்துவிட்டார். இது பிள்ளையின் முதுகெலும்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

நவம்பர் 20, திங்கள்

பன்னிரண்டு வார ஸ்கேன். மூக்கெலும்பு இருக்கிறது. கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீர் அளவு சரி. கை ஆட்டுகிறது. ஒரு கைதான் தெரிந்தது. இன்னொரு கை எங்கே என்று கத்திவிட்டேன் போலிருக்கிறது, ஸ்கேன் எடுத்த பெண் பயந்துபோய்விட்டாள். முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்தது.

டிசம்பர் 14, வியாழன்

காலண்டர் எல்லாம் லாரி ஏறிவிட்டது. இந்த வருடம் என் ஃபாரங்களில் ஒரு தப்பும் இல்லை என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார். கால் வீங்கியிருக்கிறது.

ஜனவரி 19, வெள்ளி

புது வருடத்து டைரி. அட்டை இதுவும் கோணல்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு மதுரை போனோம். இவரும் அத்தையும் வந்தார்கள். நாற்பது நிமிடம் எடுத்தார்கள். இதயத்தில் நாலு அறை. சிறுநீரகம் இரண்டு. உதடு பிளவில்லை. முதுகெலும்பு ஒரே கோடாக வந்தது. ஒவ்வொன்றாக ஸ்கேன் டாக்டர் சொல்லச் சொல்ல நான் விரல் மடக்கினேன்.

சாயங்காலம் சிவகாசிக்குத் திரும்பி டாக்டர் ஃபௌசியாவிடம் காகிதத்தைக் காட்டினோம். "பாக்க முடிஞ்சதெல்லாம் நல்லா இருக்கு" என்றார். பார்க்க முடிந்ததெல்லாம். இந்த அம்மாள் ஒரு வார்த்தைகூடத் தாராளமாகக் கொடுக்க மாட்டார். ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. பஸ்ஸ்டாண்டில் அத்தை எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார், ஐஸ் போடாமல்.

மார்ச் 3, ஞாயிறு

வளைகாப்பு. வந்த எல்லோரும் என் காதுக்குப் பக்கத்தில் வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எந்த டாக்டர், என்ன மாத்திரை? நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "ஒரு மருந்தும் இல்ல, மாயமும் இல்ல, தானா வந்துச்சு" என்று முழங்கிவிடுவார். பொய் என்றும் சொல்ல முடியாது. தானாகத்தான் வந்தது. மாத்திரை அதற்கு அப்புறம்தான் வந்தது.

மூலைவீட்டு மருமகள் அனுசுயா எல்லோரும் போகும்வரை உட்கார்ந்திருந்தாள். அவளும் நாலு வருடமாக அலைகிறாள். "அக்கா, நெசமா ஒண்ணும் போடலையா? டாக்டர் எனக்கு ஒரு மாத்திரை எழுதியிருக்காங்க. பிள்ளைக்கு ஏதும் ஆயிருமோன்னு வாங்காமலே வச்சிருக்கேன்" என்றாள். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வளையலைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டு, டாக்டரையே கேளு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இந்தப் பதிலுக்கு அவள் நாலு மணி நேரம் காத்திருந்தாள். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

மே 9, வியாழன்

படுத்தால் மூச்சு முட்டுகிறது. உட்கார்ந்தால் விலா இடிக்கிறது. வெளியே வந்து தொலை என்று திட்டினேன். உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

மே 28, செவ்வாய்

பெண். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு. ஆபரேஷன். உள்ளே எனக்குக் காட்டியதும் முதலில் விரலை எண்ணினேன், கை பத்து, கால் பத்து. அழுகிறாளா என்று கேட்டேன். காதைப் பிளக்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாளாம், எனக்குத்தான் கேட்கவில்லை. குழந்தை டாக்டர் இரண்டு நாள் இதயம், இடுப்பு, கண், அண்ணம் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்.

இன்று டாக்டர் ஃபௌசியா ஒரு காகிதத்தோடு கட்டில் பக்கம் வந்தார். மருந்து சாப்பிட்ட கர்ப்பிணிகள் பற்றித் தகவல் சேர்க்கிறவர்களுக்கு அனுப்புவதாம். எந்தத் தேதியில் போட்டேன், எத்தனை, பிள்ளை எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். "உன் பேரு போகாது. உனக்கு இஷ்டம்னா மட்டும்" என்றார்.

அத்தை மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னத்துக்கு டாக்டரம்மா அதெல்லாம்? பொம்பளப் பிள்ள. மாத்திர தின்னு பெத்ததுன்னு காயிதத்துல ஏறுனா நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேச மாட்டாகளா? நல்லபடியா வந்துருச்சு. இத்தோட விட்ருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். இவர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்.

"அத்தை," என்றேன், "கம்மின்னு சொன்னாங்கள்ல, என்னைய மாதிரி போட்டவங்க கணக்கு? ஏன் கம்மி? போட்டவ எவளும் வாயத் தொறக்கல. எனக்கு முன்னாடி எவளோ ஒருத்தி போட்டிருப்பா, பிள்ளையும் நல்லாப் பொறந்திருக்கும், நீங்க சொன்ன மாதிரியே இத்தோட விட்ருங்கன்னு போயிருப்பா. அவ எழுதியிருந்தா டாக்டர் எனக்கு இன்னும் ரெண்டு வார்த்தை கூடச் சொல்லியிருப்பாங்க. அந்த ரெண்டு வார்த்தைக்கு நான் எட்டு மாசம் ஏங்கினேன் அத்தை. அந்த மூலைவீட்டு அனுசுயாகிட்டயும் நான் சொல்லத்தான் போறேன். நடந்த எல்லாத்தையும்."

அழுகை வந்துவிட்டது. தையல் போட்ட இடம் வலித்தது, நிறுத்தவும் முடியவில்லை. டாக்டரிடமிருந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். தேதிகளை நானே சொன்னேன், டைரியைப் பார்க்காமலே. டாக்டர் எழுதிக்கொண்டார்.

அத்தை பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தார். டாக்டர் காகிதத்தை மடித்துக்கொண்டு கதவுவரை போய்விட்டார்.

"டாக்டரம்மா, நில்லுங்க. வெயிட்டு எழுதியாச்சா?"

"எழுதியாச்சும்மா."

"எம்புட்டுன்னு எழுதியிருக்கீக? ரெண்டு எண்ணூறு. ரெண்டரைன்னு கொறச்சு கிறச்சு எழுதியிருக்கப் போறீக. எங்க, காட்டுங்க பாப்போம்."

டாக்டர் திரும்பி வந்து, காகிதத்தை விரித்து, அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.